கையில் சொரசொரப்பா? கல்லால் தேய்க்காதீர்கள்!

"கையெல்லாம் சொரசொரன்னு இருக்கு. எந்த சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது."

தாராவி, மாதுங்கா, செம்பூர் தமிழ் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது.

தோளுக்குக் கீழே, மேல்கையின் வெளிப்பக்கத்தில், சின்னச் சின்ன முள் போலப் பொரிப்பொரியாக இருக்கும். தடவினால் உப்புத்தாளைத் தொடுவது மாதிரி உறுத்தும். பார்வைக்கு, சிறகு பிடுங்கிய கோழியின் தோல் போலத் தெரியும். சிலருக்குத் தொடையிலும் இருக்கும். குழந்தைகளுக்குக் கன்னத்தில் கூட வருவது உண்டு.

இதில் வலி இல்லை. பெரும்பாலும் அரிப்பும் இல்லை. ஆனால் மனக்கஷ்டம் உண்டு. ஆபீசில் அரைக்கைச் சட்டை போடத் தயங்கும் குமாஸ்தா இருக்கிறார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், மே மாத வெயிலிலும் மகளுக்கு நீளக் கை ரவிக்கை தைக்கும் தாய் இருக்கிறார். சம்பளப் பணத்தில் மாதம் ஒரு புதுக் களிம்பு வாங்கிப் பூசும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு கவலை இதற்குத் தேவையா? தேவை இல்லை. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் செய்யும் வைத்தியம், சொரசொரப்பை விடப் பெரிய கெடுதலைக் கொண்டு வந்துவிடும்.

அழுக்கு அல்ல

முதலில் ஓர் உண்மை. இது அழுக்கு அல்ல. சரியாகக் குளிக்காததால் வந்ததும் அல்ல.

தோலில் ஒவ்வொரு முடியும் ஒரு சிறு குழியிலிருந்து வளர்கிறது. அந்தக் குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். தோலின் மேல் அடுக்கு 'கெரட்டின்' என்ற கெட்டியான பொருளால் ஆனது. நகமும் முடியும் கூட இதே பொருள்தான். தோல் பழையதை உதிர்த்துப் புதியதை வளர்த்துக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு மயிர்க்காலின் வாயில் இந்தக் கெரட்டின் உதிராமல் தங்கி, அடைப்பான் போல் இறுகிவிடுகிறது. கையில் முள் போலத் தட்டுப்படுவது அந்த அடைப்புதான். சில சமயம் வெளியே வர முடியாத முடி அதற்குள் சுருண்டு கிடக்கும்.

இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'கெரட்டோசிஸ் பைலாரிஸ்'. பெயர் பெரிது, நோய் சிறிது. உடம்புக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இது ஒட்டாது. ஒரே அறையில் பத்துப் பேர் தங்கி, ஒரே கொடியில் துண்டு காயப் போட்டாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. ஆனால் குடும்பத்தில் வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பருவ வயதினரில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ ஓரளவு இருக்கலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. முப்பது வயதைத் தாண்டும்போது பலருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

தோல் தொழிலாளிக்குத் தெரிந்த உண்மை

இந்தச் சொரசொரப்புக்கு முதல் எதிரி வறட்சி. தோல் காயக் காய அடைப்பு கெட்டிப்படும். அதனால்தான் மும்பையில் மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும்போது பலருக்கு இது அடங்கி இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் காற்று வறளும்போது அதிகமாகிறது. நாள் முழுவதும் ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஜனவரிதான்!

வறண்ட தோலை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாராவித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட இடம் அது. பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. ஆனால் தோல் பை, பெல்ட், சட்டை தைக்கும் தொழில் இன்றும் நடக்கிறது.

பதனிடும் வேலையில் முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போடுவார்கள். சுண்ணாம்பு முடியை எடுக்கும்; கூடவே கொழுப்பையும் எடுக்கும். பதனிட்டு முடித்த பின் எண்ணெய் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் காயப் போட்டால் தோல் பலகை போல விறைத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் வளையாது.

மாட்டுத் தோலுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள், தங்கள் கைத் தோலுக்கு அதைப் பார்ப்பதில்லை. காரமான சோப்பால் கொழுப்பை எடுத்துவிட்டு, எண்ணெய் ஏற்றாமல், மேலும் மேலும் தேய்க்கிறார்கள். கல், பீர்க்கங்காய் நார், பிளாஸ்டிக் பிரஷ் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

தேய்த்த அன்று கை வழுவழுப்பாகத் தோன்றும். ஆனால் உரசப்பட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் கெட்டிப்படும். மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்து, பிறகு கறுத்துப் போகும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அந்தக் கரும்புள்ளி மறைய மாதக்கணக்காகும். நகத்தால் கிள்ளி எடுப்பவர்களுக்கும் இதே கதிதான். பிறகு சொரசொரப்பு போனாலும் புள்ளி நிற்கும்.

குளிப்பது எப்படி?

சுடச்சுட வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரோ, சாதாரணக் குழாய் நீரோ போதும். பத்து நிமிடத்துக்குள் குளித்து முடிக்க வேண்டும். விடியற்காலையில் சிறிது நேரமே குழாயில் தண்ணீர் வரும் சாலில் இருப்பவர்கள் இதற்காகச் சிரமப்பட வேண்டியதே இல்லை!

துணி சோப்பால் உடம்பு தேய்க்கக் கூடாது. பட்டறை வேலை முடித்து வருபவர்கள் கிரீஸ் போகவேண்டும் என்று துணி சோப்பையோ, சோப்புத் தூளையோ கையில் போடுகிறார்கள். அதில் உள்ள காரம் தோலைச் சுட்டுவிடும். கிரீஸ் பட்ட கையில் முதலில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, பழந்துணியால் துடைத்துவிட்டு, பிறகு குளியல் சோப்பு போட்டால் எளிதாகப் போகும்.

மேல்கைக்கு நாள்தோறும் சோப்பு போட வேண்டும் என்பதும் இல்லை. வியர்வை தங்கும் அக்குள், கழுத்து, இடுப்பு, பாதம் ஆகிய இடங்களுக்குத்தான் சோப்பு முக்கியம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது தான்சா, வைதர்ணா, பாட்சா போன்ற ஏரிகளின் நீர். அது தோலுக்கு நல்லது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உள்ளது. அதில் சோப்பு நுரைக்காது. தோலில் படிந்து நிற்கும். அப்படிப்பட்ட நீரில் குளிப்பவர்கள் சோப்பைக் குறைத்து, கடைசிச் சொம்புத் தண்ணீராவது குழாய்த் தண்ணீராக ஊற்றிக்கொள்வது நல்லது.

குளித்தபின் துண்டால் அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி எடுக்க வேண்டும்.

ஈரம் காயும் முன்னே...

இதுதான் முக்கியமான கட்டம். துண்டால் ஒற்றிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கையில் ஈரப்பசை இருக்கும்போதே எண்ணெய்ப் பசையுள்ள ஏதாவது ஒன்றைத் தடவ வேண்டும். எண்ணெய் தானாக ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும். காய்ந்த தோலில் தடவினால் பாதிப் பலன்தான்.

நம் ஊர் எண்ணெய்க் குளியல் இதற்குப் போதாதா? என்று கேட்கலாம். எண்ணெயைக் குளிக்கும் முன் தேய்த்து, பிறகு சீயக்காயும் கடலை மாவும் போட்டு ஒரு பிசுக்கு இல்லாமல் எடுத்துவிடுகிறோம். உடம்புக்கு அது இதமாக இருக்கலாம். சொரசொரப்புக்குக் குளித்த பின் தடவும் எண்ணெய்தான் வேலை செய்யும்.

எது தடவலாம்? தேங்காய் எண்ணெய் சில சொட்டு போதும். வாசலின் போன்ற வெள்ளைப் பசை இன்னும் நன்றாக ஈரத்தைப் பிடிக்கும். ஆனால் மும்பைப் புழுக்கத்தில் பிசுபிசுக்கும். எனவே அதை இரவில் தடவிக்கொள்ளலாம். கிளிசரின் வாங்கினால் அப்படியே தடவாமல் தண்ணீர் கலந்து தடவ வேண்டும். பக்கத்து வீட்டு வட இந்தியர் தடவுகிறார் என்று கடுகு எண்ணெயை எடுக்க வேண்டாம். சில தோலுக்கு அது எரிச்சல் தரும். வாசனை கலந்த எண்ணெய்களும் வேண்டாம்.

இறுக்கமான நைலான் சட்டைக் கை நாள் முழுவதும் உரசினாலும் சொரசொரப்பு கூடும். தளர்வான பருத்திச் சட்டை நல்லது.

இவ்வளவு மட்டும் நாள் தவறாமல் செய்தாலே பலருக்கு ஒன்றரை மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

யூரியாவா? ஆமாம், யூரியாதான்!

இதில் குறையாதவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் களிம்புகளில் ஒன்று யூரியா களிம்பு. செம்பூர்வாசிகளுக்கு யூரியா என்றால் ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் உர ஆலைதான் நினைவுக்கு வரும். வேதியியல்படி இரண்டும் ஒரே பொருள்தான். மனிதத் தோலிலேயே யூரியா இயற்கையாக இருக்கிறது. தோலில் நீரைப் பிடித்து வைக்கும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. அதையே களிம்பாகத் தடவினால் தோல் ஈரமாகும். இறுகிய கெரட்டினும் இளகும்.

அதற்காக உர மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கரைத்துத் தேய்க்கக் கூடாது! மருந்துக்கு வருவது சுத்தம் செய்த யூரியா. வயலுக்குப் போகும் யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய்ப் பூச்சும் கட்டாயம்.

நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு யூரியா உள்ள களிம்பு இதற்குப் பயன்படும். லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்புகளும் உண்டு. தயிரின் புளிப்பில் இருப்பது லாக்டிக் அமிலம். ஆனால் தயிரைத் தடவினால் களிம்பின் பலன் வராது. அளவு தெரியாமல் எலுமிச்சம் பழத்தைத் தேய்ப்பதும் தப்பு. வெயிலில் போனால் தோல் வெந்துபோகும்.

இந்தக் களிம்புகளை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், மெல்லியதாகத் தடவ வேண்டும். வெடிப்போ புண்ணோ இருக்கும் இடத்தில் தடவினால் எரியும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தடவக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தினால் சொரசொரப்பு மெல்லத் திரும்பி வரும். மருந்து பொய் என்று அர்த்தம் இல்லை. தோலின் சுபாவம் அது. பல் துலக்குவது போல இதுவும் தினப்படி வேலை. பிறகு வாரம் இரண்டு மூன்று நாள் தடவினால் போதும்.

சாப்பாட்டால் வரும் சொரசொரப்பு

இதே மாதிரி தோன்றும் வேறு ஒன்றும் உண்டு. அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் பெரிய, கறுத்த, கூம்பு போன்ற முட்கள் கிளம்பும். தொட்டால் தேரையின் முதுகு போல இருக்கும். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933-இல் இதற்கு 'ஃப்ரினோடெர்மா' என்று பெயர் வைத்தார். தேரைத் தோல் என்று பொருள். சத்துக் குறைந்த உணவே காரணம் என்றார்.

இந்த ஆராய்ச்சியில் தமிழ் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நீலகிரி குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தினர் 1930-களில் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். அப்போது, சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்றாகத் தேரைத் தோலையும் தேடிப் பார்த்தார்கள். சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1947-இல் தேரைத் தோலின் காரணம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கே தலைவர் போல விளங்கியவர் அவர். நூறு வயதில், 2019-இல் காலமானார். குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பி தொகுதி வைட்டமின்களும், உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத சில கொழுப்புச் சத்துகளும் குறைவதும் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கொழுப்புச் சத்து தாவர எண்ணெய்களில் இருக்கிறது.

இது இன்றைக்கும் பொருந்தும். மெஸ்ஸில் இரண்டு வேளையும் வெறும் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் சாப்பிட்டு, மிச்சத்தை ஊருக்கு அனுப்பும் தொழிலாளிகள் உண்டு. வடாபாவும் டீயுமாகப் பொழுதை ஓட்டும் பையன்கள் உண்டு. வயிறு நிறையும், தோலுக்கு வேண்டியது கிடைக்காது.

செலவு அதிகம் ஆகாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எள், முட்டை, மத்தி மீன் இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி வைட்டமின் ஏ தரும். கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். மராத்திக்காரர்கள் 'ஜவஸ்' என்று சொல்லிச் சட்னிப் பொடி செய்வது நம் ஆளிவிதையைத்தான். நல்ல கொழுப்பு நிறைந்த அந்தப் பொடியை இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைக்குச் சொரசொரப்போடு, மாலை மங்கியதும் கண் தெரியவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அது வைட்டமின் ஏ குறைவின் அபாய மணி. கண்ணே போய்விடக் கூடும். மாத்திரையை டாக்டர்தான் தர வேண்டும். வைட்டமின் ஏ அளவு மிஞ்சினாலும் கெடுதல்.

"அண்ணே, நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க"

மருந்துக் கடையில் இப்படிக் கேட்டு வாங்குவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

கடைகளில் கைமாறும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சில நோய்களுக்கு அது அருமையான மருந்து. டாக்டர் சொன்ன நாள் வரைதான் தடவ வேண்டும். சொரசொரப்புக்காக மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து காகிதம் போலாகும். உள்ளே இருக்கும் ரத்தக் குழாய் தெரியும். வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது. படர்தாமரை மேல் தடவினால் முதலில் அடங்குவது போல் தெரிந்து, பிறகு உடம்பெல்லாம் பரவும்.

2018 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தி, பதினான்கு வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. வாங்குபவரும் அட்டையைப் படிக்க வேண்டும். பீட்டாமெதசோன், மொமெடசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. நிறம் வெளுக்கும் என்று விற்கும் பெயர் தெரியாத களிம்புகளும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் உண்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் கொப்புளம் வந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சொறி, சிரங்காக இருக்கும். அது ஒட்டும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். மெக்கானிக், லேத் வேலை செய்பவர்களுக்கு முன்கையில் கறுப்பு முனையுள்ள பருக்கள் வந்தால் அது மெஷின் ஆயில் அடைத்ததால் வந்தது. ஆயிலில் ஊறிய சட்டையை மாற்றாமல் எந்த மருந்தும் கேட்காது.

சிலர் கையில் எது வந்தாலும் குஷ்டமோ என்று உள்ளூரப் பயப்படுகிறார்கள், வெளியே சொல்வதில்லை. குஷ்டத்தின் முக்கிய அடையாளம் சொரசொரப்பு அல்ல. உணர்ச்சி இல்லாத தேமல். வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டாலும் குத்தினாலும் தெரியவில்லை என்றால் உடனே போக வேண்டும். அதற்கும் முழுக் குணம் தரும் மருந்து இருக்கிறது; அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

தாராவி, மாதுங்கா மக்களுக்கு அருகில் இருப்பது சயான் ஆஸ்பத்திரி. லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை என்பது அதன் முழுப் பெயர். அங்கே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தாராவிக்குள்ளேயே அதன் கிளை நிலையம் உண்டு; 'சோட்டா சயான்' என்றால் எல்லாருக்கும் தெரியும். பாஷை தெரியாதவர்கள் இந்தியில் 'சர்ம ரோக்', மராத்தியில் 'த்வசா ரோக்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும். வீட்டில் இதுவரை தடவிய களிம்புகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. டாக்டருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மகளின் கையில் இருப்பது நோயும் அல்ல, குறையும் அல்ல. பார்க்க வருகிறவரின் வீட்டிலேயே நாலு பேருக்கு அது இருக்கலாம். கல்லை எடுத்து அவள் கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, நாளை குளித்ததும் ஈரக் கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். நீளக் கை ரவிக்கையை அவளுக்குப் பிடித்தால் மட்டும் தைக்கலாம்.